பங்குக் கிணற்றுத் தகரம்

எங்கள் வீட்டுக் கிணறு என் மனைவி பாலேஸ்வரியின் சீதனம். முழுக் கிணறு அல்ல, அரைக் கிணறு. "கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று காணி உறுதியில் தெளிவாக எழுதியிருக்கிறது. மற்ற அரைப்பங்கு அவளுடைய பெரியம்மா மகள் இராசமலருக்கு. இரண்டு காணிக்கும் நடுவில் போகிற எல்லை, கிணற்றின் நடுவாலும் போகிறது.

பதினொரு வருடங்களுக்கு முன்புவரை அதில் இரண்டு வீடும் ஒற்றுமையாகத்தான் அள்ளின. ஒரு கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள், இராசமலர் சுவாமி அறைக்கென்று அள்ளி வைத்த வாளித் தண்ணீரில் இரண்டு மீன் செதில் மிதந்தது. விரத நாளில் மீன் கழுவினவள் என்று அவள் பாலேஸ்வரியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். பாலேஸ்வரியும் ஆறு நாள் விரதக்காரி. பட்டினியோடு கோயிலால் வந்தவளுக்கு அந்தச் சொல் எப்படிச் சுட்டிருக்கும்! "செதிலை நீங்களே போட்டிட்டு என்னிலை பழி போடாதேங்கோ" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

செதில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அது விளைமீன். பக்கத்து ஒழுங்கைத் தெருவில் கூட்டாளி வீட்டில் பொரித்துத் தருவார்கள், ஆனால் சுத்தமாக்கிக்கொண்டு போகவேண்டும். மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கிணற்றடியில் இருந்து சுரண்டினவன் நான்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவானா?

நில அளவையாளர் வந்து நூல் பிடித்தார். கிணற்றின் குறுக்கே பனைமரத் தீராந்தி ஒன்று போட்டு, அதிலிருந்து கூரைத் தகரங்களை ஆணியடித்துத் தொங்கவிட்டோம். கோடையில் தண்ணீர் இறங்கினாலும் ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பாலேஸ்வரி சொன்னதால், தகரம் எப்போதும் தண்ணீருக்குள் இரண்டு முழம் தாழ்ந்தே இருக்கும்படி செய்தோம். அடியில் ஊற்று ஒன்றுதான் என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். "மேலை பிரிஞ்சால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

இப்படி நாங்கள் மானத்தோடு வாழ்ந்து வரும்போதுதான் ஒரு நிறுவனம் எரிவாயு தேடிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தது. தெல்லிப்பழைப் பக்கத்துத் தரவைக் காணி ஒன்றில் கொட்டகை போட்டு, இரவு பகலாக நிலத்தைத் துளைத்தார்கள். பெரிய குழி வெட்டி, பொலித்தீன் விரித்து, துளைக்கிற சேறும் கழிவு ஒயிலும் அதற்குள் விட்டார்கள். வாயு கிடைக்கவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள், குழி போகவில்லை. எங்கள் ஊருக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுகிற எதையும் அதற்கு மறைத்து வைக்கத் தெரியாது. போன மாரிக்கு அந்தக் குழி நிரம்பி வழிந்தது. தை பிறக்க எங்கள் ஒழுங்கையில் பதினெட்டு வீட்டுக் கிணற்றிலும் கறுப்பாய் எண்ணெய் ஆடை படர்ந்தது. மண்ணெண்ணெய்க் கடைக்குள் நின்று முகம் கழுவுகிற மாதிரி ஒரு மணம்.

நான் பேனாவை எடுத்தேன். நாற்பத்துமூன்று மனுக்கள். ஒரு அரசாங்கக் கந்தோர் எழுதியது, நிலத்தடி நீர் தங்களுடையதல்ல என்று. இன்னொன்று எழுதியது, நீர் தங்களுடையதுதான், எண்ணெய் தங்களுடையதல்ல என்று. மூன்றாவது கந்தோர்க்காரன் மகா கெட்டிக்காரன். வாயு கிடைக்காதபடியால் அப்படி ஒரு திட்டமே இல்லை, இல்லாத திட்டத்துக்குப் பாதிப்பும் இருக்க முடியாது என்று எழுதினான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து வைத்தேன்.

இடையில் கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் லொறியில் குடிதண்ணீர் வந்தது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கடைசியில், நாற்பத்துமூன்றாவது மனுவுக்குப் பதிலாக, உண்மையாகவே ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. ஒழுங்கைக்கு ஒரு கிணறுதான் சோதிப்பார்கள். எங்கள் ஒழுங்கைக்கு எங்கள் கிணறு. எண்ணெய் இருந்தால் பவுசர் தொடரும், நிறுவனம் வந்து குழியைத் தோண்டி அள்ளவேண்டும். இல்லையென்றால் பதினெட்டு வீட்டுக்கும் பவுசர் நிறுத்தம், எங்கள் மனுக்கோவையும் மூடப்படும்.

குழு வருவதற்கு முதல்நாள் காலை, மனுக்களைப் பிரதி எடுக்கத் தெல்லிப்பழைக்குப் போனேன். பிரதி எடுக்கிற கடையில் சனம், மின்வெட்டு, பிறகு மெசின் இறுகினது. பின்னேரம்தான் வீடு திரும்பினேன். படலையைத் திறக்கவே சாம்பிராணி மணந்தது. முற்றம் கூட்டிச் சாணம் தெளித்திருந்தது. கிணற்றுக்கட்டு வெள்ளையாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. என் முகம் தெரிந்தது, முகத்திலே பயம் தெரிந்தது.

"பாலேஸ்! என்னப்பா செய்தனீர்?"

அவள் தலையில் துவாயோடு குசினியால் வந்தாள். கை இரண்டும் முழங்கை வரைக்கும் கறுப்பு. "விடியத் தொடங்கினனான். ஏழு நூல் சேலை போச்சு. வாளியிலை சுத்திக் கட்டி இறக்கி இறக்கி ஒத்தி எடுத்தனான். மணத்துக்குச் சாம்பிராணி போட்டனான். நாளைக்கு யாழ்ப்பாணத்திலையிருந்து பெரிய ஆக்கள் வருகினமெல்லே."

"அவை ஊத்தையைப் பாக்கத்தானப்பா வருகினம்!"

"அதுக்காக? ஊத்தைக் கிணறு வைச்சிருக்கிற சனம் எண்டு போய்ச் சொல்லட்டோ? என்ரை அம்மா தந்த கிணறு. வாறவை மூக்கைப் பொத்த நான் பாத்துக்கொண்டு நிக்கேலாது." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து மாதமாக அந்தக் கிணற்றைப் பார்த்து அவள் வெட்கப்பட்டிருக்கிறாள், நான் மனு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிழிந்த எண்ணெய் ஒரு வாளி நிறைய மாமரத்தடியில் இருந்தது. அது எனக்காக. அவள் எப்போதாவது ஒத்தி எடுக்கிற எண்ணெயை நான் வீணாக்குவதில்லை. கறையானுக்குக் கழிவு ஒயிலைப் போல மருந்து இல்லை. வேலிக் கதியால்கள், படலை, ஆட்டுக்கொட்டில் தீராந்தி எல்லாவற்றுக்கும் அடித்து முடித்திருந்தேன். ஒயில் வந்த வழி அநியாயம்தான், ஆனால் வந்ததை எறிவதற்கு நான் என்ன விசரனா?

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கட்டுக்குப் போனேன். திருப்பி ஊற்றிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர்களுடைய எண்ணெய்தானே, அவர்களுடைய குழியிலிருந்து வந்ததுதானே, நான் பாவி இல்லை என்று மனதுக்குள் வழக்காடிக்கொண்டு வாளியைச் சரித்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பதினொரு வருடத்தில் இராசமலருடைய இருமல்களின் பொருள் எல்லாம் எனக்குப் பாடம். இது, "சீவரத்தினம், நான் பார்க்கிறேன்" என்ற இருமல். வாளியை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் குழு வந்தது. ஆய்வுகூடத்தில் இருந்து ஜெசிதா என்ற இளம் பிள்ளை, போத்தல் பெட்டியோடு. நிறுவனத்தின் சார்பில் கோபிசங்கர், வல்வெட்டித்துறைப் பெடியன், வெள்ளைச் சேட்டு, சிரித்த முகம், 'சமூகத் தொடர்பு அலுவலர்' என்று கழுத்தில் அட்டை. மூன்றாவது ஆள் எங்கள் விதானையார், அரசாங்கத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருபது வருடமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்.

ஜெசிதா கயிற்றில் கட்டிய போத்தலை எங்கள் பக்கம் இறக்கி எடுத்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பால்கொடுக்கிற பிள்ளைக்குப் பருக்கலாம் போல இருந்தது தண்ணீர்.

"நல்ல வடிவான தண்ணி" என்றான் கோபிசங்கர்.

"நேற்று மனுசி துடைச்செடுத்துப் போட்டா, பிள்ளை" என்றேன் நான்.

"கிணத்தையோ?" என்று ஜெசிதா கேட்டாள்.

"ஓம், கிணத்தைத்தான்."

ஜெசிதா விதானையாரைப் பார்த்தாள். விதானையார் வானத்தைப் பார்த்தார். கோபிசங்கர் மட்டும் வளவைச் சுற்றி நடந்தான். வேலிக் கதியாலைத் தொட்டான், விரலை மணந்தான். படலையைத் தொட்டான், மணந்தான். மாமரத்தடிக்குப் போய் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தான். எழும்பி வரும்போது அவனுடைய சிரிப்பு காதுவரை போயிருந்தது.

"ஐயா, உங்களிட்டை இவ்வளவு ஒயில் எப்பிடி வந்தது?"

"கிணத்திலை எடுத்தது."

"கிணத்திலை ஒயில் இல்லையே."

"எடுத்தபடியால்தான் இல்லை!"

"அப்ப வளவு முழுக்க ஒயில் வைச்சிருக்கிறது நீங்கள். கிணத்துக்குள்ளை எப்பவாவது சிந்தியிருந்தால் அதுக்கும் நாங்களோ பொறுப்பு?" அவன் ஜெசிதாவின் கையிலிருந்த படிவத்தைக் காட்டினான். அதிலே 'மாசுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. "அதிலை வீட்டுக்காரர் எண்டு போடுங்கோ, தங்கச்சி. உண்மையைச் சொன்னால், இந்தக் குழியைப் பற்றி எங்களை ஒருத்தரும் நேரிலை கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பம்."

எனக்கு விளைமீன் ஞாபகம் வந்தது. நாற்பத்துமூன்று மனுவும் சேர்ந்து, ஒரு கிணற்றை நாசமாக்கினவன் சீவரத்தினம் என்று முடியப்போகிறது. பதினெட்டு வீடும் நாளை முதல் எங்கே போய்த் தண்ணீர் அள்ளும்?

பாலேஸ்வரி அதுவரை குசினி வாசலில் நின்றாள். இப்போது நேரே கிணற்றடிக்குப் போனாள். தகரத்துக்கு முன்னால் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அக்கா" என்றாள்.

விதானையார் வானத்தை விட்டுவிட்டுத் தகரத்தைப் பார்த்தார்.

"ஓம், என்ன?" என்றது தகரம்.

"உங்கடை பக்கம் ஒருக்காப் பாக்க வரலாமோ எண்டு இந்தப் பிள்ளை கேக்குது."

"ஆர் வேண்டாமெண்டது? ஒழுங்கையாலை சுத்தி வரச் சொல்லு."

எல்லோரும் ஒழுங்கையால் சுற்றிப் போனோம். பாலேஸ்வரி ஒரு கோலம் போட்டால் இரண்டு போடுகிறவள் இராசமலர். நேற்று முழுக்க இவள் துடைத்ததைக் கேட்டிருப்பாள். தானும் துடைத்திருந்தால் எங்கள் கதை முடிந்தது.

ஜெசிதா போத்தலை இறக்கினாள். மேலே வந்தபோது அது தார்ப் போத்தல் மாதிரி இருந்தது. அப்படி ஒரு அழகான கறுப்பை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"அம்மா, நீங்கள் துப்பரவாக்கேல்லையோ?" என்று ஜெசிதா கேட்டாள்.

"வாளியும் சேலையும் எடுத்தனான், பிள்ளை. பிறகு யோசிச்சன். அவள் துடைச்சாப்போலை நானும் துடைச்சால், அவளைப் பாத்துத் துடைச்சவள் எண்டு சனம் சொல்லும். அதுதான் விட்டிட்டன்." இராசமலர் இதை மிகவும் கௌரவமாகச் சொன்னாள்.

கோபிசங்கர் சளைக்கவில்லை. "நிலத்துக்குக் கீழாலை வந்தால் ரெண்டு பக்கமும் வரவேணும். ஒரு பக்கம் மட்டும் எண்டால் அது மேலாலை ஊத்தினது. ஐயாவிட்டை வாளியும் இருக்கு, இவையோடை கோபமும் இருக்கு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் ஆத்திரம். ஜெசிதா கிணற்றை எட்டிப் பார்த்து, "அந்தத் தகரத்தை ஒருக்கா மேலை எடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

இரண்டு பெண்களும், ஒருத்தி இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் ஓடிப்போய், தீராந்தியைப் பிடித்தார்கள். பாரம் அசையவில்லை. "தம்பி, சும்மா நிக்கிறாய், வந்து ஒரு கை குடன்" என்று இராசமலர் கோபிசங்கரைக் கூப்பிட்டாள். வயதுபோன பெண்கள் பாரம் தூக்கும்போது கைகட்டி நிற்க எங்கள் ஊர்களில் வளர்ந்த எந்தப் பெடியனாலும் முடியாது. அவன் வெள்ளைச் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்து பிடித்தான். நானும் பிடித்தேன். தகரம் நீர் சொட்டச் சொட்ட மேலே வந்து, கிணற்றுக்கட்டில் சாய்ந்தது.

தகரத்தின் இராசமலர் பக்கத்தில் கறுப்புக் கோடுகள் இருந்தன. மாரியில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒன்று, பிறகு இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கீழே. ஜெசிதா எண்ணினாள். ஏழு கோடு. சுற்றி வந்து எங்கள் பக்கத்தைப் பார்த்தாள். அங்கும் ஏழு கோடு. பாலேஸ்வரி தண்ணீரைத்தான் துடைத்திருந்தாள், தகரத்தைத் துடைக்க அவளுக்குக் கை எட்டவில்லை. ஜெசிதா அளவுநாடாவை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்தாள். ஒவ்வொரு கோடும் ஒரே உயரம், ஒரே தடிப்பு. படம் எடுத்தாள்.

"அப்ப ரெண்டு பக்கமும் மாதக்கணக்காய் ஒரே அளவிலை இருந்திருக்கு" என்றாள்.

"ரெண்டு வீடும் சேர்ந்து ஊத்தியிருக்கலாம்" என்றான் கோபிசங்கர். குரலில் பழைய பலம் இல்லை.

இராசமலர் இடுப்பில் கையை வைத்தாள். "தம்பி, பதினொரு வருசமாய் முகம் பாத்துக் கதையாத ரெண்டு வீடு. மாதா மாதம் அளந்து, ஆளுக்கு அரைவாசியாய்ப் பங்கு பிரிச்சு ஊத்தினமோ?"

விதானையார் சிரித்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் எடுத்த முதல் நிலைப்பாடு அது.

ஜெசிதா எழுத வேண்டியதை எழுதி, கையொப்பத்துக்குப் படிவத்தை நீட்டினாள். கோபிசங்கர் வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தான். பிழை ஒன்றும் பிடிக்க முடியாமல் ஒப்பம் வைத்துக் கொடுத்தான். வாங்கிப் பார்த்த ஜெசிதா புருவத்தை உயர்த்தினாள். தகரம் தூக்கின கையல்லவா? வெறுமையாக இருந்த 'மாசுக்குப் பொறுப்பானவர்' கட்டத்துக்குள், கைநாட்டு வைத்தது போல, அவனுடைய பெருவிரல் அச்சொட்டாக விழுந்திருந்தது.

"ஐயோ, வேறை தாள் தாங்கோ தங்கச்சி."

"இலக்கம் அடிச்ச படிவம் அண்ணை. மாத்தேலாது. இப்பிடியே போகட்டும்."

குழு போனபின், நாங்கள் மூன்று பேரும் திறந்த கிணற்றைச் சுற்றி நின்றோம். இராசமலர் பக்கத்து எண்ணெய் மெதுவாக எங்கள் பக்கம் படர்ந்துகொண்டிருந்தது. ஏழு சேலையும் ஒரு நாள் உழைப்பும் கண்முன்னால் கறுத்தன. பாலேஸ்வரி அழுதாள்.

"அழாதை. துடைக்கிறதெண்டால் இனி ரெண்டு பேருமாய்த் துடைப்பம்" என்றாள் இராசமலர். பிறகு, "கேக்கிறன் எண்டு குறை நினையாதை. அண்டைக்கு அந்த மீன் உண்மையாய் நீ கழுவேல்லையோ?" என்றாள்.

"முருகன் அறிய இல்லை, அக்கா. உங்கடை வாளிக்கை நீங்கள் போட்டனீங்களோ?"

"விசரே! விரதத் தண்ணிக்குள்ளை நான் போடுவனோ?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப ஆர்?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

பதினொரு வருடத்தில் அந்தக் கேள்வி முதல் தரமாகக் கேட்கப்பட்டது. கேட்டால் சொல்லுவேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். நிறுவனமும் அதைத்தான் சொன்னது. கோபிசங்கரின் பெருவிரல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"நான்தான்" என்றேன். "விளைமீன்."

மூன்று கிழமையில் ஆய்வு முடிவு வந்தது, எண்ணெய் அளவு மிகமிக அதிகம் என்று. பவுசர் தொடர்கிறது. குழியைச் சுற்றிக் கொடி நட்டு அளக்கிறார்கள், அள்ளுவார்கள் என்று விதானையார் சொல்கிறார். கந்தோர் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்தது: 'படிவத்தில் உள்ள பெருவிரல் அடையாளம் யாருடையது என்பதை அறியத்தரவும்.' பெயர், பதவி, கழுத்து அட்டை இலக்கம் எல்லாம் போட்டுப் பதில் எழுதினேன். நாற்பத்துநான்காவது. முதல் தரமாக இரண்டு வீட்டுக் கையொப்பத்தோடும் போனது.

தகரத்தைத் திருப்பிப் போடவில்லை. பாலேஸ்வரியும் இராசமலரும் காலையும் மாலையும் கிணற்றுக்கட்டில் இருந்து பதினொரு வருடக் கதையைக் கதைத்துத் தீர்க்கிறார்கள். என்னோடுதான் இரண்டு பேரும் கதைப்பதில்லை.